குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்: உட்பிரிவைக் கண்டறியும் பரிசோதனைகளில் என்ன மாறியுள்ளது?

குழந்தைக்கு லுக்கேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் தெரிவித்தவுடன், ‘சிகிச்சையை எப்போது தொடங்குவீர்கள்?’ என்றே பெற்றோர் பலரும் முதலில் கேட்கின்றனர். அதற்கு விடையாக மேலும் சில பரிசோதனைகளின் பெயர்கள் சொல்லப்படும்போது, காலம் வீணாகிறதோ என்ற அச்சம் எழுவது இயல்பு. கடந்த சில ஆண்டுகளில் இப்பரிசோதனைகளின் எண்ணிக்கையும் பெருகியுள்ளது. அவற்றுக்கான செலவும் கூடியுள்ளது. இவற்றுள் எவை தவிர்க்கக் கூடாதவை, எவை சிகிச்சையின் போக்கையே மாற்ற வல்லவை, எவற்றின் முடிவுக்காகச் சற்றுக் காத்திருக்கலாம் என்பவற்றை நீங்கள் அறிந்திருப்பது, உங்கள் குழந்தைக்காக எடுக்கப்படும் முடிவுகளில் தெளிவுடன் பங்கேற்க உதவும்.

ஒரே பெயரில் பல நோய்கள்

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் முதிராத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லுக்கேமியா. குழந்தைகளிடம் காணப்படும் லுக்கேமியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ‘ஏ.எல்.எல்.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தீவிர நிணநீரணு லுக்கேமியா ஆகும். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி ‘ஏ.எம்.எல்.’ எனப்படும் தீவிர மைலாய்டு லுக்கேமியா. ஏ.எல்.எல். மேலும் பி-செல் வகை, டி-செல் வகை என இரண்டாகப் பிரிகிறது. குழந்தைகளிடம் பி-செல் வகையே மிகுதி.

பிரிவினை இத்துடன் முடிவதில்லை. பி-செல் வகைக்குள்ளேயே, உயிரணுவில் நிகழ்ந்துள்ள மரபணு மாற்றத்தைப் பொறுத்து இருபதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் இன்று அறியப்பட்டுள்ளன. நுண்ணோக்கியின் கீழ் இவை அனைத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஓர் உட்பிரிவு வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படும்; மற்றொன்று அதே மருந்துகளுக்குப் பின்னும் திரும்பி வரும். ஆகவே, உட்பிரிவு அறியாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் சிகிச்சை அளித்தால் இரு தீங்குகள் நேரும். குறைந்த சிகிச்சை போதுமான குழந்தை தேவையற்ற நச்சுத்தன்மைக்கு ஆளாகும். கூடுதல் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காமல் போகும்.

முதல் மாதிரி மிக முக்கியமானது

உட்பிரிவைக் கண்டறியும் பரிசோதனைகள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன் எடுக்கப்படும் எலும்பு மஜ்ஜை மாதிரியைக் கொண்டே செய்யப்படுகின்றன. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி, திரவ நிலையில் உள்ள மஜ்ஜை உறிஞ்சி எடுக்கப்படும். இரத்தத்தில் நோயணுக்கள் மிகுதியாக இருப்பின், சில பரிசோதனைகளை இரத்தத்திலேயே செய்ய இயலும். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே நோயணுக்கள் குறைந்துவிடும் என்பதால், முதல் வாய்ப்பைத் தவறவிட்டால் அதே தகவலைப் பின்னர் பெறுவது கடினம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நீடித்த காய்ச்சல், உடல் வெளிறுதல், எலும்பு அல்லது மூட்டு வலி, கழுத்தில் நெறிகட்டுதல், அடிபடாமலேயே தோலில் நீலத் திட்டுகளோ சிவந்த புள்ளிகளோ தோன்றுதல் ஆகிய அறிகுறிகளுக்குக் காரணம் தெரியாத நிலையில், பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை மருந்துக் கடையில் நேரடியாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இம்மருந்துகள் ஏ.எல்.எல். நோயணுக்களை விரைந்து அழிக்கக் கூடியவை; சிகிச்சையிலும் இவையே பயன்படுகின்றன. தனியாகக் கொடுக்கப்படும்போது இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. சிறிது காலம் மறைத்து வைக்கின்றன. குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றும். இரத்தப் பரிசோதனையும் தெளிவற்றுப் போகும். சில வாரங்களில் நோய் திரும்பும். நோயின் இடர்நிலையை மதிப்பிடுவதும் சிக்கலாகிவிடும். உங்கள் குழந்தைக்கு அண்மையில் எக்காரணத்திற்காகவேனும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டிருந்தால், மருந்துச் சீட்டுடன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதனை மறைக்க வேண்டிய தேவை இல்லை. ஆஸ்துமா போன்ற நோய்களுக்காக மருத்துவர் பரிந்துரைத்த ஸ்டீராய்டை நீங்களாகவே திடீரென நிறுத்தவும் கூடாது.

ஆய்வகத்தில் நிகழ்பவை

நுண்ணோக்கிப் பரிசோதனை: இரத்தமும் மஜ்ஜையும் கண்ணாடித் தகட்டில் பூசப்பட்டு, சாயமேற்றிப் பார்க்கப்படும். லுக்கேமியா இருப்பதை அன்றே உறுதிசெய்ய இது பெரிதும் உதவும். ஆனால் உட்பிரிவைப் பெரும்பாலும் இதனால் சொல்ல இயலாது.

ஃபுளோ சைட்டோமெட்ரி: ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் உள்ளேயும் குறிப்பிட்ட புரதங்கள் உள்ளன. ஒளிரும் சாயம் இணைக்கப்பட்ட எதிர்ப்புரதங்களை அவற்றுடன் ஒட்டச்செய்து, உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் செலுத்தும் கருவி இது. சிடி19, சிடி10 போன்ற குறிகள் பி-செல் வகையையும், உயிரணுவினுள் காணப்படும் சிடி3 டி-செல் வகையையும் காட்டும். மைலாய்டு வகைக்குத் தனிக் குறிகள் உண்டு. முடிவு பொதுவாக ஓரிரு நாட்களில் கிடைத்துவிடும். எந்த மருந்துத் திட்டத்தைத் தொடங்குவது என்ற முதல் முடிவு இதனைச் சார்ந்தே எடுக்கப்படுகிறது.

குரோமோசோம் பரிசோதனை: நோயணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது. இதற்கு உயிருள்ள அணுக்கள் வேண்டும். எனவே மாதிரி உரிய குழாயில், காலம் தாழ்த்தாமல் ஆய்வகத்தைச் சேர வேண்டும். முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஃபிஷ் பரிசோதனை: குறிப்பிட்ட மரபணுக்களில் மட்டும் ஒட்டும் ஒளிரும் துணுக்குகளைக் கொண்டு, இரு மரபணுக்கள் முறைதவறி இணைந்துள்ளனவா என்று பார்ப்பது. பி.சி.ஆர். என்னும் முறை, அத்தகைய இணைப்பின் மரபணுச் செய்தியைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறிகிறது. இவ்விரண்டும் சில நாட்களில் விடை தரும். ஆனால் எதைத் தேடுகிறோமோ அதை மட்டுமே இவை காட்டும்.

மரபணு வரிசையாக்கம்: டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் பெருமளவில் படிக்கும் புதிய முறை. முன்கூட்டியே எதிர்பார்க்காத மாற்றங்களையும் இது வெளிப்படுத்தும். செலவும் காலமும் கூடுதல். முடிவைப் பொருள்கொள்ளத் தேர்ந்த வல்லுநர்களும் தேவை.

ஒரு பரிசோதனை ஏன் போதாது?

ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 12ஆம், 21ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி உருவாகும் ‘ஈ.டி.வி.6–ரன்எக்ஸ்1’ என்னும் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். இது குழந்தைகளின் பி-செல் வகையில் அடிக்கடி காணப்படுவது. சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது. இடம்மாறிய துண்டுகள் தோற்றத்தில் ஒத்திருப்பதால், வழக்கமான குரோமோசோம் பரிசோதனையில் இது புலப்படுவதில்லை. ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். செய்தாலே தெரியவரும்.

இதற்கு நேர்மாறான, இன்னும் ஆபத்தான நிலையும் உண்டு. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கும். நோயணுவில் இந்த எண்ணிக்கை 51 அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால், அது பொதுவாக நல்ல அறிகுறி. 40க்கும் கீழ்க் குறைந்திருந்தால் அது கடுமையான வகை. ஆனால் குறைந்த எண்ணிக்கை கொண்ட நோயணுக்கள் சிலவேளை தம் குரோமோசோம்கள் அனைத்தையும் இரட்டிப்பாக்கிக் கொள்கின்றன. 30 குரோமோசோம்கள் கொண்ட அணு 60 கொண்டதாக மாறிவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல வகையாகத் தோன்றும். எந்தெந்தக் குரோமோசோம் எத்தனை படிகளில் உள்ளது என்று நுணுகிப் பார்த்தாலோ, மரபணு அணிவரிசைச் சோதனை செய்தாலோதான் உண்மை வெளிப்படும். மருத்துவர் ‘எண்ணிக்கை கூடியுள்ளது, ஆயினும் இன்னொரு முறையிலும் சரிபார்க்க வேண்டும்’ என்று கூறுவதன் காரணம் இதுவே.

குறைந்த எண்ணிக்கை கொண்ட இவ்வகையின் ஒரு பிரிவில், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளிடம் டிபி53 என்னும் மரபணுவின் குறைபாடு பிறவியிலேயே அமைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவ்வாறு கண்டறியப்பட்டால், பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் மரபணு ஆலோசனை பரிந்துரைக்கப்படும். இது எவருடைய தவறும் அன்று. குடும்பத்தினரை முன்கூட்டியே கண்காணிக்க உதவும் தகவல்.

முடிவு உடனே சிகிச்சையை மாற்றும் மூன்று நிலைகள்

முதலாவது, ஏ.எம்.எல். பிரிவைச் சேர்ந்த ஏ.பி.எல். என்னும் வகை. இதில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. மூளையிலும் நுரையீரலிலும் கடும் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து மிகுதி. எனவே இவ்வகை என்று ஐயம் எழுந்தவுடனேயே, மரபணுப் பரிசோதனை முடிவு வரும் முன், ‘ஏ.டி.ஆர்.ஏ.’ என்னும் மாத்திரை தொடங்கப்படும். முடிவு உறுதியானதும், ஆர்சனிக் டிரையாக்சைடு என்னும் மருந்து சிகிச்சையில் முதன்மை பெறும். இம்மருந்தை மட்டுமே முதன்மைச் சிகிச்சையாகக் கொண்டு நல்ல பலன் பெற இயலும் என்பதைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2006ஆம் ஆண்டு வெளிவந்ததாகும்.

இரண்டாவது, பிலடெல்பியா குரோமோசோம். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறுவதே இதன் காரணம் என்பதை 1973ஆம் ஆண்டு ஜேனட் ரௌலி விளக்கினார். ஏ.எல்.எல். உள்ள குழந்தைகளில் 3 முதல் 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. முன்னர் இது மிகக் கடுமையான வகையாகக் கருதப்பட்டது. கீமோதெரபியுடன் இமாட்டினிப் மாத்திரையைச் சேர்த்து அளித்த அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளியாயின. மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகளின் பங்கு, முன்னைய 35 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 80 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியாவில் இம்மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் இமாட்டினிப் இங்கு குறைந்த விலையில் கிடைக்கிறது. ஒரு ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். பரிசோதனையைத் தவிர்த்ததால், எளிதில் கிடைக்கும் ஒரு மாத்திரை குழந்தைக்குக் கிடைக்காமல் போகக் கூடாது.

மூன்றாவது, கே.எம்.டி.2ஏ மரபணு மாற்றம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்படும் ஏ.எல்.எல். நோயில் பெரும்பான்மையும் இவ்வகையே. இதற்குத் தனியான சிகிச்சைத் திட்டம் பின்பற்றப்படுகிறது. பிளினடுமொமாப் என்னும் மருந்தைச் சேர்த்து 30 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. இரண்டு ஆண்டுகள் நோயின்றி இருந்தோரின் பங்கு, முன்னைய சிகிச்சையில் 49 விழுக்காடாக இருந்தது. இந்த ஆய்வில் அது ஏறத்தாழ 82 விழுக்காடாக உயர்ந்தது.

2022க்குப் பின் நேர்ந்த மாற்றம்

லுக்கேமியாவை வகைப்படுத்தும் இரு பன்னாட்டு நெறிமுறைகள் 2022ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டன. ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு. மற்றொன்று வல்லுநர் குழு வெளியிட்ட பன்னாட்டு ஒருமித்த வகைப்பாடு. ‘மற்றவை’ என்று முன்னர் ஒரே கூடையில் இடப்பட்ட பல நோய்களுக்கு இவற்றில் தனிப் பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றை ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்தின் துணையின்றி உறுதிசெய்வது கடினம். இங்கிலாந்தின் தேசிய நலச் சேவையில், புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு முழு மரபணுத் தொகுதியையும் படிக்கும் பரிசோதனை அரசுச் செலவில் வழங்கப்படுகிறது.

இச்செய்திகளைப் படிக்கும் பெற்றோர், ‘நம் குழந்தைக்கும் இப்பரிசோதனை செய்யாவிட்டால் சிகிச்சை குறையுள்ளதாகிவிடுமா?’ என்று கவலைப்படுகின்றனர். இதற்கு நேரான விடை: ஒரு பரிசோதனையின் மதிப்பு, அது தரும் பெயரின் புதுமையில் இல்லை, அம்முடிவால் உங்கள் குழந்தையின் சிகிச்சை மாறுமா என்பதிலேயே உள்ளது. புதிய உட்பிரிவுகள் சிலவற்றுக்கு இன்னும் தனி மருந்து இல்லை. அவற்றின் பெயர் தெரிந்தாலும் சிகிச்சைத் திட்டம் அதுவாகவே இருக்கும். வேறு சிலவற்றில் மாறும். பிலடெல்பியா குரோமோசோம் இல்லாமலேயே அதனைப் போல நடந்துகொள்ளும் ஒரு வகை 2009ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியினருக்கு இமாட்டினிப், டசாட்டினிப் போன்ற மருந்துகள் பயன் தரக்கூடும். ஆகவே, வழக்கமான பரிசோதனைகளில் எந்த மாற்றமும் அகப்படாமல், நோய் முதல் மாதச் சிகிச்சைக்குச் சரிவரக் கட்டுப்படவும் இல்லையெனில், விரிவான வரிசையாக்கம் மிகுந்த பயன் தரும். மாறாக, தெளிவான நல்ல உட்பிரிவு ஏற்கெனவே கண்டறியப்பட்டு, சிகிச்சையும் நன்கு பலனளிக்கும் குழந்தைக்கு, கடன்பட்டேனும் தனியார் ஆய்வகத்தில் அதனைச் செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

சிகிச்சை தொடங்கிய பின் செய்யப்படும் எம்.ஆர்.டி.

எஞ்சியுள்ள நோயணுக்களை அளவிடும் இப்பரிசோதனை, உட்பிரிவுப் பரிசோதனைக்கு இணையான முக்கியத்துவம் உடையது. முதல் கட்டச் சிகிச்சை முடியும் ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில் மஜ்ஜை மீண்டும் எடுக்கப்படும். நுண்ணோக்கியில் நோயணுவே தென்படாத நிலையிலும், பத்தாயிரம் அணுக்களில் ஒன்று எஞ்சியிருந்தால்கூட எம்.ஆர்.டி. கண்டுபிடித்துவிடும். அறிக்கையில் ‘0.01 விழுக்காடு’ என்று குறிப்பிடப்படுவது இந்த அளவே. இதற்கு, ஊசியில் முதலில் உறிஞ்சப்படும் மஜ்ஜையே சிறந்தது. பின்னர் எடுக்கப்படுவதில் இரத்தம் கலந்து அளவு குறைவாகத் தெரியக்கூடும்.

எம்.ஆர்.டி. குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியைப் பாதுகாப்பாகக் குறைக்க இயலும் என்பதைப் பிரிட்டனின் ‘யூகேஆல் 2003’ ஆய்வு காட்டியது. இந்தியாவிலும் சென்னை, மும்பை, டெல்லி, சண்டிகர், கொல்கத்தா ஆகிய நகரங்களின் புற்றுநோய் மையங்கள் இணைந்து நடத்திய ‘ஐசிக்கிள்’ கூட்டு ஆய்வில், வயது, வெள்ளையணு எண்ணிக்கை, மரபணு மாற்றம், எம்.ஆர்.டி. ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகள் இடர்நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டனர். ஆகவே, குழந்தை நன்றாக விளையாடத் தொடங்கிவிட்டது என்பதற்காக இரண்டாம் முறை மஜ்ஜை எடுப்பதை மறுக்கவோ தள்ளிப்போடவோ வேண்டாம்.

எம்.ஆர்.டி. முடிவையும் உட்பிரிவோடு சேர்த்தே படிக்க வேண்டும். ‘டக்ஸ்4’ என்னும் உட்பிரிவில் நோயணுக்கள் தொடக்கத்தில் மெதுவாகவே குறையும். ஆயினும் இறுதி விளைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து நீங்களாக முடிவுக்கு வராமல், மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

புதிய மருந்துகளும் பரிசோதனைகளும்

பிளினடுமொமாப், நோயணுவின் மேல் உள்ள சிடி19 குறியை ஒரு முனையாலும், உடலின் பாதுகாப்பு அணுவை மறுமுனையாலும் பற்றி, இரண்டையும் நெருங்கச் செய்யும் மருந்து. இதனைக் கீமோதெரபியுடன் சேர்த்து 1,440 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. மூன்று ஆண்டுகள் நோயின்றி இருப்போரின் பங்கு 87.9 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்தது. இவர்கள் கடுமையான வகை நோய் கொண்டவர்கள் அல்லர். சாதாரண இடர்நிலையில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்பது கவனிக்கத்தக்கது.

இம்மருந்தின் விலை நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. ஆகவே, யாருக்கு இது இன்றியமையாதது, யாருக்கு இது இல்லாமலும் குணமாகும் என்று பிரித்தறியும் பொறுப்பு பரிசோதனைகளின்மீதே விழுகிறது. மருந்து விலை உயர்ந்துள்ள காலத்தில், துல்லியமான உட்பிரிவுக் கண்டறிதலும் எம்.ஆர்.டி.யும் ஆடம்பரம் அல்ல. கிடைக்கும் பொருளை உரிய குழந்தைக்குச் செலவிட உதவும் வழிகாட்டிகள்.

பணம் குறித்து

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு வழங்கப்படுகிறது. எந்தப் பரிசோதனை திட்டத்திற்குள் வருகிறது, எது மருத்துவமனையின் சொந்த நிதியிலோ அறக்கட்டளை உதவியாலோ செய்யப்படுகிறது என்பது இடத்திற்கு இடம் மாறுபடலாம். மாதிரியை வெளி ஆய்வகத்திற்கு அனுப்பப் பணம் கட்டும் முன், மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்ட அலுவலரையும் மருத்துவ சமூகப் பணியாளரையும் அணுகுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• என் குழந்தைக்கு உள்ளது பி-செல் வகையா, டி-செல் வகையா, மைலாய்டு வகையா?
• பிலடெல்பியா குரோமோசோமும் கே.எம்.டி.2ஏ மாற்றமும் உள்ளனவா என்று பார்க்கப்பட்டதா?
• குரோமோசோம் எண்ணிக்கை என்ன? அது வேறொரு முறையிலும் சரிபார்க்கப்பட்டதா?
• இன்னும் வராத முடிவுகள் எவை? அவை வந்தால் சிகிச்சை மாறுமா?
• எம்.ஆர்.டி. எந்த நாளில் செய்யப்படும்?
• விரிவான வரிசையாக்கம் பரிந்துரைக்கப்படுகிறது எனில், அதன் முடிவு எந்த மருந்து பற்றிய முடிவை மாற்றும்?
• பின்னாளில் தேவைப்பட்டால் பயன்படுத்த, முதல் மாதிரியின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டுள்ளதா?

எல்லா அறிக்கைகளின் படிகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள். வேறு ஊருக்கோ வேறு மருத்துவமனைக்கோ செல்ல நேர்ந்தால், முதல் நாள் மாதிரியின் அறிக்கையே புதிய மருத்துவருக்கு மிகவும் தேவைப்படும்; அந்த மாதிரியை மீண்டும் எடுக்க இயலாது.

சில முடிவுகள் வரும் முன்பே சிகிச்சை தொடங்கப்படுவதும் வழக்கம். ஏ.எல்.எல். நோயில் முதல் சில நாட்களின் மருந்துகள் பெரும்பாலான உட்பிரிவுகளுக்கும் ஏறக்குறைய பொதுவானவை. உட்பிரிவு தெரிந்ததும் திட்டம் திருத்தப்படும். எனவே காத்திருக்கும் நாட்களைக் குழந்தை சிகிச்சையின்றிக் கழிக்கும் நாட்களாக எண்ண வேண்டாம். அந்நாட்களில் காய்ச்சல், இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் எந்நேரமாயினும் மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்களே. உங்கள் குழந்தைக்குரிய முடிவுகளைச் சிகிச்சையளிக்கும் மருத்துவக் குழுவினருடன் கலந்தே எடுக்க வேண்டும்.